தலை தீபாவளி வெந்நீர்

சம்பந்தி சண்டை என்றால் காப்பியில் சர்க்கரை குறைந்ததற்கும் பந்தியில் அப்பளம் வராததற்கும் வரும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யுரேனியத்துக்கு வந்தது.

என் அப்பா அணுமின் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தபோது ஜெயநகரில் கட்டிய வீடு சும்மா கிடந்தது. ஓய்வுக்குப் பிறகு அம்மாவும் அவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். உலையை விட்டுவிட்டு வந்தாரே தவிர, உலைப் பேச்சை விட்டுவிட்டு வரவில்லை. அம்மா கோபப்பட்டால், உலை சட்டென்று நின்றுபோனதைச் சொல்கிற மாதிரி, "உங்கம்மா ட்ரிப் ஆயிட்டா" என்பார். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுது ஓய்ந்தால் "இப்ப ஸ்டெடி" என்பார்.

என் மாமனாருக்கு நீலசந்திராவில் சோலார் கடை. குழாய் ரிப்பேரில் ஆரம்பித்து மேலே வந்தவர், மேலே என்றால் மொட்டை மாடிக்கே. பெங்களூரில் எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் துணிக் கொடிக்குப் பக்கத்தில் வெந்நீருக்கான ஒரு உருளைத் தொட்டியும் அதற்குக் கீழே சாய்ந்த கண்ணாடிக் குழாய்களும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதில் பாதி தன் கைவேலை என்று சொல்வார். பத்தில் ஒன்று என்று சொல்லியிருந்தாலும் அது பெரிய பொய்தான், ஆனால் சொல்கிற அழகில் நம்பத் தோன்றும்.

நானும் அவர் பையனும் வைட்ஃபீல்டில் ஒரே கம்பெனி, ஒரே ஷட்டில் பஸ். அந்த ட்ராஃபிக்கில் காதலிக்காமல் இருப்பதுதான் கஷ்டம், அவ்வளவு நேரம் கிடைக்கிறது. வீட்டில் சொன்னபோது அப்பா ஜாதி கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. பையனின் அப்பா என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "சோலாரா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் குடிப்பான் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டுக் கூடத்தில். வெற்றிலை பாக்குத் தட்டை அப்பா கையிலும் மாமனார் கையிலும் கொடுத்து, மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி, சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது.

மாமனாருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சம்மந்தி, உங்க அணு கரண்ட்டு எங்க போச்சு?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார், பாவம்.

"லைன்ல கோளாறு. உற்பத்தியில கோளாறு இல்ல," என்றார் அப்பா. "எங்க நிலையம் ராத்திரி பகல் பாக்காது, மழை வெயில் பாக்காது. உங்களது வெயில் நேரத்துக் கடை. சாயந்திரம் ஆனா ஷட்டரப் போட்டுட்டுப் போயிடுவீங்க."

"கடைய மூடினாலும் காலைல தொறக்கறேனே. நீங்க ஒரு நிலையம் கட்ட ஆரம்பிச்சா, பேரன் வந்துதான் ரிப்பன் வெட்டணும். அதுக்குள்ள செலவு எங்கயோ போய் நிக்குது. அதக் கடேசில மூடற செலவு எந்த பில்லுல வருது? கழிவ அத்தினி தலமுறைக்கும் காவல் காக்கற வாச்மேனுக்கு யாரு சம்பளம் தர்றது?"

"வாச்மேன் சம்பளம் கேக்கறீங்களே, பேட்டரி வெல சொல்லுங்க பாப்போம்! பேனல் வெலய மட்டும் சொல்லிட்டு, மலிவு மலிவுங்கறது, தாலி வெலய மட்டும் சொல்லிட்டு இதான் கல்யாணச் செலவுன்னு சொல்ற மாதிரி. சூரியன் லீவு போடற நாளுக்கெல்லாம் இன்னொரு நிலையம் தயாரா நிக்கணுமே, அது யார் கணக்கு?"

இருவர் கையிலும் தட்டு அப்படியே இருந்தது. நான் பட்டுப் புடவையில், ஃபேன் இல்லாமல், வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்கு எரிச்சலில் கண்ணீரே வந்துவிட்டது. அதைப் பார்த்து ஒரு அத்தை, பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று தலையைத் தடவினாள். கடைசியில் அம்மா எழுந்து, இரண்டு பேர் கையிலிருந்தும் தட்டைப் பிடுங்கி, அவளே இடம் மாற்றிக் கொடுத்துவிட்டாள். என் நிச்சயதார்த்தம் அப்படித்தான் நடந்தது.

கல்யாணத்தில் இருவரும் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் பேசவில்லை. ஆனால் சண்டை மட்டும் குடும்ப வாட்ஸப் குழுவில் நடந்தது. மாமனார் தினமும் காலையில் சூரியன் எழும் படம் போட்டு "இனிய காலை வணக்கம்" என்று அனுப்புவார். ஊரில் எல்லாப் பெரியவர்களும் அனுப்புவதுதான். அப்பா அதைத் தன்மீது தொடுத்த போர் என்றே எடுத்துக்கொண்டார். மேகம் மூடிய நாளில், ஜெயநகர் வானத்தைப் படம் பிடித்து, ஒரு வார்த்தை எழுதாமல் போடுவார்.

இதைச் சொல்லும்போது இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பண்டிகை என்றால் எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இல்லையென்றால் ஆயுசு முழுக்கப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காலையில் ஜெயநகர், மத்தியானம் நீலசந்திரா என்று பட்சண டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அலைய வேண்டியதுதான். இங்கே ஒரு வாய் குறைத்தால் அங்கே தின்றாய் என்பார்கள், அங்கே குறைத்தால் இங்கே. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "விடு, ரெண்டு எடத்துலயும் சாப்பாடு கெடைக்குமே," என்றார். இந்த மனுஷரை என்ன செய்வது?

அந்த வருஷம் எங்களுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளையோடு சம்பந்திகளையும் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அழைத்து அவர்கள் வராமல் போனால் அது ஊரறிந்த பகை, பிறகு யாராலும் ஒட்டவைக்க முடியாது. அம்மா வெற்றிலை பாக்கோடு போய் அழைத்துவிட்டு வந்தாள். மாமனார் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"வரேம்மா. ஆனா ஒண்ணு. எம் பையன் அங்க எண்ண தேச்சிக் குளிக்கிற தண்ணி வெயில்ல காஞ்ச தண்ணியா இருக்கணும். அணுவுல காஞ்ச தண்ணி அவன் தலையில பட வுட மாட்டேன்."

"மாமா, கம்பில வர்ற கரண்ட்டுல எது அணு, எது நிலக்கரி, எது காத்துன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதில்ல? அதான் எனக்கு பேஜாரு," என்றார்.

அடுத்த வாரமே ஜெயநகர் வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. புதுத் தொட்டி, புதுக் கண்ணாடிக் குழாய்கள், மேலே மஞ்சள் குங்குமப் பொட்டு. பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குத் தீபாவளிச் சீர்! உலகத்தில் எங்காவது நடக்குமா? அப்பா வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என் வீட்டு மாடியில இந்த டப்பாவா?" என்றார்.

"சீர்னு வந்தத திருப்பி அனுப்பினீங்கன்னா நானும் அந்த டெம்போலயே ஏறிப் போயிடுவேன்," என்றாள் அம்மா.

அப்பா கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு ஃபோன் போட்டு, "உங்க மாமனார்கிட்ட சொல்லு. தொட்டி இருக்கட்டும். ஆனா அதுக்குள்ள கரண்ட்ல ஓடற காயில் ஒண்ணு இருக்கும், மழ நாளுக்குன்னு. அத இணைக்கக் கூடாது. வெயில்னா வெயில் மட்டும்தான்," என்றார்.

நான் போய்ச் சொன்னேன். தபால்காரி உத்தியோகம் எனக்கு அப்போது நன்றாகப் பழகியிருந்தது. மாமனார் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "காயிலா? நம்ம ஊரு வெயிலுக்குக் காயில் எதுக்கு? ஒயரே இழுக்க மாட்டேன், போ!" என்றார்.

வங்காள விரிகுடாவில் எங்கேயோ காற்றழுத்தம் தாழ்ந்தால் பெங்களூருக்கு ஜலதோஷம் பிடிக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்படியே பிடித்தது. வானம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். காலையில் குடையோடு மாடிக்குப் போய், குழாயைத் திறந்து, கையை நீட்டிப் பார்ப்பார். "ஜில்லுனு இருக்கு, மோர் கரைக்கலாம்," என்று இறங்கி வருவார். குழுவில் தினம் ஒரு மேகப் படம். மாமனாரின் சூரியனோ நின்றேபோயிற்று. அவர் பிள்ளையார் படத்துக்கு மாறிவிட்டார்.

தீபாவளி நெருங்க நெருங்க அப்பாவின் மேகப் படங்களும் நின்றன. ஒரு சாயந்திரம் அவரே கூப்பிட்டார். "ஏம்மா, தண்ணி சூடாகலன்னா உங்க மாமனார் வராமலே இருந்துடுவாரா?"

"இப்பதான் உங்களுக்குத் தோணுதா?" என்று வெடித்துவிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் ஜெயிச்சுக்கோங்க. நான் ஒரு ஆட்டோவ மாச வாடகைக்கு எடுத்துக்கறேன்." நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

மாமனார் வந்தார். தீபாவளிக்கு முதல் நாள் சாயந்திரம், தூறலில், என் மாமியார் அத்தையோடும் முறுக்கு டப்பாவோடும் வந்து இறங்கினார். அப்பா, "வாங்க," என்றார். அவர், "வந்தேன்," என்றார். அவ்வளவுதான் பேச்சு. காப்பி குடித்த கையோடு மாமனார் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு, "சும்னே மாடில ஒரு லுக்கு வுட்டு வரேன்," என்று கிளம்பினார். போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. "குழாய்ல காத்து அடச்சிருந்துச்சு. எடுத்துட்டேன்," என்றார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா அதற்கு முன்பே, அந்தக் குழாயிலிருந்து குளியலறை அண்டாவை நிரப்பி, விரல் விட்டுப் பார்த்து, முகம் வாடி வந்திருந்தார். அவர் ஏன் வாட வேண்டும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

விடிகாலையில் வீட்டில் முதலில் எழுந்தது அப்பா. நான் எழுந்து வந்தபோது குளியலறைக் கதவு சாத்தியிருக்க, அதன்முன் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "யாரும் உள்ள போகாதீங்க, தரை வழுக்குது, நான் சொல்றேன்," என்றார். கூடத்தில் மணைப் பலகையில் என் வீட்டுக்காரர் பழைய வேட்டியோடு உட்கார, அம்மா தலையில் நல்லெண்ணெய் வைத்தாள். எண்ணெய் காது வழியாக வழிந்தது. வெளியே நமுத்துப்போன பட்டாசு ஒன்று புஸ் என்றது. சமையலறையில் அத்தை சும்மா இருக்க மாட்டாமல் சட்னிக்குத் தேங்காயைப் போட்டு மிக்ஸியைத் திருகினாள்.

வீடே இருண்டது.

"யாரும் நகராதீங்க," என்றார் அப்பா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் பேசுகிற குரல் இல்லை, கட்டுப்பாட்டு அறைக் குரல். டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் மீட்டர் பெட்டிக்குப் போனார். மாமனாரும் பின்னாலேயே போனார், கொஞ்சம் அவசரமாக. நானும் தடவிக்கொண்டு போனேன்.

தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டு மெயின் மட்டும் விழுந்திருந்தது. அப்பா வாய்விட்டுக் கணக்குப் போட்டார். "ஒரு மிக்ஸி. ஒரு ஃபிரிட்ஜ். நாலஞ்சு லைட்டு. அப்புறம் என் ராடு. இவ்வளவுக்கு மெயின் விழாதே."

"இன்னா ராடு?" என்றார் மாமனார்.

அப்பா காதில் அது விழவே இல்லை. "இன்னொரு பெரிய லோடு இருக்கு. எங்கயோ இருக்கு. தெரியாம எவனோ இழுத்துக்கிட்டே இருக்கான்."

"சம்மந்தி, இன்னா ராடுன்னு கேக்கறேன்."

"தண்ணி காய வைக்கிற ராடுதான், அண்டாவுல போட்டி..." என்று சொல்லிக்கொண்டே போனவர் அப்படியே நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துவிட்டு, அதை அவரே தோண்டி எடுத்துக் காட்டிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் டார்ச்சைத் தூக்கினார். வெளிச்சம் பெட்டியிலிருந்து சுவரில் ஏறியது. பளபளவென்று ஒரு புது ஒயர், ஜன்னல் மேல் வளைந்து, மாடியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"இந்த ஒயர் நேத்து இங்க இல்லையே," என்றார் அப்பா.

"அது வந்து, குழாய்ல காத்து..."

"காத்துக்கு எதுக்கு ஒயர்?"

என் பின்னாலிருந்து அத்தை சொன்னாள்: "எனக்கு அப்பவே தெரியும். பிளாஸ்டிக் பையில எவனாச்சும் காத்த எடுத்துட்டுப் போவானா?" அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்காமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னாலும் முடியவில்லை.

மாமனார் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு அப்பாவைப் பார்த்தார். "நான் காயில் போட்டேன், என் மானத்துக்கு. ஒத்துக்கறேன். நீங்க எதுக்கு ராடு போட்டீங்க? தண்ணி ஜில்லுனு வந்தா நீங்கதானே கெலிச்சீங்க?"

அப்பா டார்ச்சை அணைத்துவிட்டார்.

"கெலிச்சு என்ன பண்றது? நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் எம் பொண்ணு பண்டிகைக்குப் பண்டிகை ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஆட்டோல அலைவா." டார்ச்சைக் கையில் உருட்டிக்கொண்டே, "அதோட, ரிட்டயர் ஆகி வந்ததுலேர்ந்து உலையப் பத்தி நான் ஒரு வார்த்த பேசினா, முழுசாக் கேட்டு, திருப்பிப் பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான்," என்றார்.

"அப்ப நான்?" என்றாள் அம்மா படிக்கட்டிலிருந்து.

"நீ ட்ரிப் ஆவ," என்றார் அப்பா.

இருட்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. நான் ஆட்டோ என்று கத்தியதை அவர் இத்தனை நாள் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அணு உலைக்காகத் தட்டை மாற்றாமல் நின்ற மனுஷர், எனக்காக வெயிலின் பக்கம் நின்று திருட்டு வேலை பார்த்திருக்கிறார். மாமனார் கிட்டே வந்தார். அப்பா தோளில் கையை வைத்து, "வாங்க சம்மந்தி, காயில நிறுத்திட்டு மெயினத் தூக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்: "கண்ணெல்லாம் எண்ண! யாராவது தண்ணி ஊத்தப் போறீங்களா இல்லையா?"

ஊற்ற முடிந்தால்தானே! அண்டாத் தண்ணீர் ராடில் கொதித்துக்கொண்டிருந்தது. மாடிக் குழாயைத் திறந்தால் அதிலும் ஆவி பறந்தது. ஒரு வாரமாகச் சூரியனையே பார்க்காத வீட்டில், தெருவுக்கே பத்துகிற அளவு வெந்நீர். அப்பா ராடின் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகு, இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியோடு குளியலறையில் நின்று பச்சைத் தண்ணீர் விளாவினார்கள். விளாவுகிற பக்குவத்துக்கும் சண்டை வந்தது. அந்தச் சண்டை எனக்கு நாதஸ்வரம் மாதிரிக் கேட்டது.

மத்தியானம் ஒரே பந்தியில் எல்லோரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு எழுந்து மாமனார் திருப்புளியை எடுத்தார், காயில் ஒயரைக் கழற்ற. அப்பா தடுத்தார்.

"இருக்கட்டும் சம்மந்தி. மழைக்கு வேணும்."

"அப்ப அந்த ராடத் தூக்கிக் கடாசிடலாமா?"

"அதுவும் இருக்கட்டும். உங்க காயில நம்ப முடியாது."

இப்போது எந்தப் பண்டிகை என்றாலும் ஒரே வீடுதான், ஒரே பந்திதான். பேட்டரி விலையும் கழிவுக் காவலும் இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். அம்மா எடுத்து, "மாடில உங்க மாமனாரோட சேந்து கண்ணாடிக் குழாய் தொடைக்கறார்," என்றாள். சரி என்று மாமனார் நம்பருக்குப் போட்டேன். அப்பா எடுத்தார்.

"அவர் கையெல்லாம் ஈரம்மா. சொல்லு, என்ன?"

"நாங்க ரெண்டு பேரும் சாயந்திரம் அங்க வரலாம்னு..."

"சாயந்திரமா? சாயந்திரம் நாங்க இருக்க மாட்டோமே. நீலசந்திரா கடைக்கு ஏதோ புது பேட்டரி வந்திருக்காம், ரொம்பப் பீத்தறார். போய்க் கிழிச்சுட்டு வரணும். ஆட்டோ வேற சொல்லியாச்சு," என்று வைத்துவிட்டார்.